பேக்கப் இருக்கு, சரி... ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்களா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க போன் இந்த நிமிஷம் தண்ணிக்குள்ள விழுந்துட்டா, அதுல இருக்கிற போட்டோ எல்லாம் திரும்பக் கிடைக்குமா? "கிடைக்கும், பேக்கப் இருக்கு"ன்னு மனசுக்குள்ள சொல்லியிருப்பீங்க. ஒரு காலத்துல நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனா போன் பத்தி இல்ல, ஒரு கம்பெனியோட மொத்தக் கணக்கைப் பத்தி.

நான் சிஸ்டம் அட்மின். முதல் வேலை சென்னையில ஒரு சின்ன வியாபாரக் கம்பெனி. ஐடி டிபார்ட்மென்ட்னா அங்க நான் ஒருத்தன்தான். சர்வர், பிரிண்டர், வைஃபை, முதலாளி வீட்டு சிசிடிவி கேமரா வரைக்கும் எல்லாம் என் தலையில.

பில்லிங் சர்வருக்கு நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தினம் ராத்திரி டேட்டாபேஸை ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, காலையில "பேக்கப் முடிந்தது"ன்னு மெயில் அனுப்பும். அந்த மெயிலைப் பார்த்துட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில சர்வர் டிஸ்க் போயிடுச்சு. நான் பதறவே இல்ல. வெளி டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல செருகினேன். அதுல கடைசியா இருந்த ஃபைல் நாலு மாசம் பழசு.

என்ன ஆச்சுன்னா, லினக்ஸ்ல ஒரு வெளி டிஸ்க்கை செருகினா மட்டும் போதாது, அதை ஒரு ஃபோல்டரோட இணைக்கணும். இதுக்குப் பேர் மவுன்ட். நாலு மாசம் முன்னாடி கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, சர்வர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. அதுக்கப்புறம் டிஸ்க் தானா மவுன்ட் ஆகல. ஆனா அந்தக் காலி ஃபோல்டர் அங்கேயே இருந்தது. ஸ்கிரிப்ட்டுக்கு அது போதும். தினமும் சர்வரோட சொந்த டிஸ்க்லயே காப்பியை எழுதிட்டு மெயில் அனுப்பிட்டிருந்தது. மெயில் பொய் சொல்லல, காப்பி எடுத்தது உண்மைதான். எங்க எடுத்தேன்னு நான் கேட்கவே இல்ல. சர்வரோட சேர்ந்து அதோட பேக்கப்பும் செத்துப்போச்சு.

கணக்குப் பிரிவுல ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க முன்னாடி போய் நின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் பீரோவைத் திறந்து, மாச வாரியா கட்டி வெச்ச பில் காப்பிக் கட்டுகளை எடுத்து மேஜையில வெச்சாங்க. "உக்காரு தம்பி, நீ வாசி, நான் ஏத்தறேன்"னாங்க. ரெண்டு வாரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அந்த மாசம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுக்கிற கடைசி நாளுக்கு முந்தின ராத்திரிதான் முடிச்சோம்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான்

இது அனுபவம் இல்லாத பையன் பண்ண தப்புன்னு நினைக்கலாம். கிட்லேப்னு ஒரு நிறுவனம், உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்களோட கோடை வெச்சிருக்கிற இடம். 2017 ஜனவரி 31 ராத்திரி, அவங்க டேட்டாபேஸ்ல லோடு அதிகமாகி, ரெண்டாவது சர்வர் முதல் சர்வரோட ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாம நின்னுடுச்சு. ரெண்டாவதைத் துடைச்சிட்டு மறுபடி காப்பி எடுக்கலாம்னு ஒரு இன்ஜினியர் ரொம்ப நேரம் முயற்சி பண்றார். ஒரு கட்டத்துல டேட்டா ஃபோல்டரை அழிக்கிற கமாண்டை அடிக்கிறார். ஓரிரு விநாடியில புரியுது, அடிச்சது ரெண்டாவது சர்வர்ல இல்ல, முதல் சர்வர்ல. நிறுத்தறார். சுமார் 300 ஜிபியில மிச்சம் 4.5 ஜிபி.

சரி, பேக்கப்? தினமும் டேட்டாபேஸை டம்ப் எடுத்து அமேசான் எஸ்3-ல வைக்கிற ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தா காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க ஓடினது 9.2 காலத்துக் கருவி. அது தினமும் தோத்துட்டு இருந்திருக்கு. தோத்ததைச் சொல்ல மெயிலும் போயிருக்கு. ஆனா அனுப்புறவர் அடையாளம் சரியில்லைன்னு மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிடுச்சு. யாருக்கும் எதுவும் வரல. எதுவும் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம் எடுத்துப்போம்?

கடைசியில அவங்களைக் காப்பாத்தினது, வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் கையால எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட். தற்செயல். அதை வெச்சு சைட்டைத் திரும்பக் கொண்டுவர சுமார் 18 மணி நேரம் ஆச்சு. இடைப்பட்ட நேரத்துல சேர்ந்த டேட்டா போனது போனதுதான்.

அவங்க பண்ண ஒரு நல்ல காரியம், எதையும் மறைக்கல. மீட்பு வேலையை யூடியூப்ல நேரலையாவே காட்டினாங்க. என்ன தப்பு நடந்ததுன்னு முழுசா எழுதி வெளியிட்டாங்க. நாம இன்னிக்கு இதைப் பத்திப் பேச முடியறதே அதனாலதான்.

அழிக்கணும்னே ஒருத்தர் வந்தா?

இது கை தவறினது. 2014 ஜூன்ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு நிறுவனத்துக்கு நடந்தது வேற. அவங்க அமேசான் கிளவுட் கணக்குக்குள்ள ஒருத்தன் புகுந்து பணம் கேட்டான். இவங்க பாஸ்வேர்டை மாத்தினாங்க. ஆனா அவன் முன்கூட்டியே வேற லாகின்களை உருவாக்கி வெச்சிருந்தான். ஒவ்வொண்ணா அழிக்க ஆரம்பிச்சான். சர்வர், டிஸ்க், பேக்கப் எல்லாம் ஒரே சாவிக்குள்ள இருந்ததால பெரும்பகுதி போச்சு. கம்பெனியையே மூடிட்டாங்க. இன்னிக்கு ரான்சம்வேர் கும்பல்கள் உள்ள வந்ததும் முதல்ல தேடுறதும் பேக்கப்பைத்தான். அது இருந்தா நீங்க பணம் தர மாட்டீங்களே.

இப்போ நான் என்ன பண்றேன்

எங்க தொழில்ல 3-2-1னு ஒரு பழைய விதி இருக்கு. மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துல. அதோட நான் சேர்த்துக்கிட்டது சில விஷயங்கள்.

பேக்கப் கணக்கோட சாவி, சர்வர் கணக்கோட சாவி, ரெண்டும் வேற வேற. குறைஞ்சது ஒரு பிரதியையாவது குறிப்பிட்ட நாள் வரைக்கும் நானே நினைச்சாலும் அழிக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கேன்.

"முடிந்தது"ன்னு வர்ற மெயிலை நம்புறதில்ல. வரவேண்டிய தகவல் குறிச்ச நேரத்துக்கு வரலைன்னா, வேற ஒரு மெஷின் என்னை எழுப்பும். முக்கியமான சர்வர்ல நுழைஞ்சா டெர்மினல் சிவப்பா மாறும், எந்த மெஷின்ல இருக்கேன்னு கண்ணே சொல்லிடும்.

எல்லாத்துக்கும் மேல, மாசம் ஒரு நாள் காலி மெஷின் ஒண்ணுல முழுசா ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிறேன். நேத்து போட்ட பில் அதுல இருக்கான்னு தேடுறேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சு வைக்கிறேன்.

சொல்றதுக்கு சுலபம். ஆனா சின்னக் கம்பெனியில இதுக்கு அரை நாள் கேட்டா, "எல்லாம் ஓடிட்டுதானே இருக்கு?"ன்னுதான் பதில் வரும். வேலையைச் சரியா பண்ணா எதுவுமே நடக்காது, எதுவும் நடக்காத வேலைக்கு நேரம் கேட்கிறது கஷ்டம். இந்தத் தொழில்ல கமாண்ட் கத்துக்கிறதைவிட இதை மேலதிகாரிக்குப் புரியவைக்கிறதுதான் எனக்கு இன்னிக்கும் பெரிய சவால். அப்போ நான் அந்த ரெண்டு வாரக் கதையைச் சொல்றேன். பெரும்பாலும் நேரம் கிடைச்சிடுது.

யோசிச்சா, அந்தக் கம்பெனியில ஒழுங்கான பேக்கப் வெச்சிருந்தது அந்த அக்காதான். வேற சாதனம், பூட்டின பீரோ, மாசக் கடைசியில ஒவ்வொரு பில்லையும் எடுத்து சரிபார்ப்பாங்க. அவங்களுக்கு 3-2-1 எல்லாம் தெரியாது.

உங்களுக்கும் ஒரு வேலை. போன்ல ஒரு போட்டோவை அழிச்சா கிளவுட்லயும் அழியற மாதிரி செட்டிங் இருந்தா, அது ஒத்திசைவு மட்டும்தான், பேக்கப் ஆகாது. இன்னிக்கு ராத்திரி பேக்கப்ல இருந்து ஒரே ஒரு பழைய போட்டோவை வேற ஒரு மெஷின்ல திறந்து பாருங்க. திறந்துச்சுன்னா நிம்மதியா தூங்கலாம். திறக்கலைன்னா, போன் தண்ணியில விழறதுக்கு முன்னாடியே தெரிஞ்சதேன்னு சந்தோஷப்படுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.