பழைய அமெரிக்கக் கார்களும் அவற்றின் டி.வி. விளம்பரங்களும்



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு மட்டும் பேசிடாதே. போன வருஷம் மூணு பேர் பேசிட்டாங்க." அதனால் எனக்குப் பிடித்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன். 1950, 60-களில் வந்த அமெரிக்கக் கார்கள், அவற்றுக்காக அந்த நாட்டு டி.வி.யில் வந்த விளம்பரங்கள். நான் பிறப்பதற்கு வெகு முன்னால் நடந்த கதை. "உனக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்பீர்கள். என் தொழில் கார் பாடி டிசைன். வண்டி மோதினால் எது மடங்கலாம், எது மடங்கவே கூடாது என்று கணக்குப் போடுவது. டெட்ராய்ட் பக்கம் மூன்று வருஷம் வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் இது.

நம் கிராமத்துப் பெரியவர்கள் காரைப் 'பிளஷர்' என்பார்கள். அந்த விளம்பரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. மைலேஜ் என்ன, என்ன விலை என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். டைனா ஷோர் என்ற பாடகி செவர்லே கம்பெனிக்காகப் பாடுவார். வண்டியில் ஏறி நாட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று அழைப்பார். முடிவில் நேயர்களுக்கு ஒரு முத்தத்தைக் காற்றில் வீசுவார். 1964-ல் அதே செவர்லேக்காரர்கள் யூட்டா மாநிலத்தில் சுமார் 400 அடி உயரச் செங்குத்துப் பாறை ஒன்றின் உச்சியில் இம்பாலா காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண். சுற்றிலும் வெட்டவெளி. ஹெலிகாப்டரால் தூக்கிக்கொண்டு போய் வைத்த கார் அது. ரோடே இல்லாத இடத்தில் காரை வைத்து விற்கிற துணிச்சல் இருக்கிறதே, அதற்காகவே நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதே ஆண்டு ஏப்ரல் 16 இரவு, ஃபோர்டு கம்பெனி மூன்று பெரிய டி.வி. நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் மஸ்டாங் காரைக் காட்டியது. மறுநாள் விற்பனைக்கு வந்தது. முதல் நாளே 22,000 ஆர்டர்! ஓராண்டில் நான்கு லட்சத்தைத் தாண்டியது. அந்த அழகான உடம்புக்கு அடியில் இருந்ததில் பெரும்பகுதி ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, நல்ல இன்ஜினீயரிங். விளம்பரம் இருந்தால் எதையும் விற்றுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இதே ஃபோர்டு 1957 அக்டோபரில் எட்செல் காருக்காக பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா எல்லோரையும் வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்தியது. நிகழ்ச்சி பிரமாதம். கார் 1959 நவம்பரோடு மூடுவிழா.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, அதே சமயம் மிகவும் உறுத்துகிற விளம்பரத்துக்கு வருகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் உள்ள பிளேட் கிளாஸ் வழியாகப் பார்த்தால் உலகம் துல்லியமாகத் தெரியும், மற்ற கார்களின் ஷீட் கிளாஸில் எல்லாம் நெளிந்து தெரியும் என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். கண்ணாடி செய்த லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்தது. பிறகு அரசாங்கத்தின் வர்த்தக கமிஷன் விசாரித்தது. அந்தத் துல்லியமான காட்சியை எப்படி எடுத்தார்களாம்? ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு! எதிராளியின் கண்ணாடியில் வாசலைன் தடவி! 1965-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கமிஷன் பக்கமே நின்றது. வேடிக்கை என்னவென்றால், பிளேட் கிளாஸ் உண்மையிலேயே நெளிவு குறைந்ததுதான். உள்ள வித்தியாசத்தை உள்ளபடி காட்டியிருந்தாலே போதும்.

மெக்கானிக்கல் தம்பிகளுக்காக இன்னொன்று. காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் இன்ஜினுக்கு 1971-ல் 365 குதிரைத்திறன் என்று போட்டார்கள். 1972-ல் 235. நூற்றுமுப்பது குதிரை எங்கே ஓடிப்போச்சு? எங்கும் ஓடவில்லை. அதுவரை இன்ஜினைத் தனியாக டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலன்சர் இல்லாமல் அளந்தார்கள். பிறகு வண்டியில் இருக்கிறபடி அளந்தார்கள். அவ்வளவுதான்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த நாட்டில் 1960-களின் நடுவில் சாலை விபத்தில் ஆண்டுக்கு 40,000-க்கு மேல் செத்தார்கள். 1966-ல் 50,000 தாண்டியது. 1956 மாடலுக்கே ஃபோர்டு சீட் பெல்ட், மெத்தை வைத்த டேஷ்போர்டு என்று பாதுகாப்பை விளம்பரம் செய்து பார்த்தது. அந்த வருஷம் செவர்லே அதிகமாக விற்றது. "பாதுகாப்பு விற்காது" என்ற பேச்சு டெட்ராய்ட்டில் ஊறிவிட்டது. 1966-ல் சட்டம் வந்த பிறகுதான் எல்லோரும் வழிக்கு வந்தார்கள்.

2009-ல் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு நிலையம் 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும், 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பழசு "இரும்பு மாதிரி" என்று நம்புகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். பெல் ஏரின் முன்பக்கம் டிரைவர் மேலேயே சரிந்து விழுகிறது. உள்ளே நிஜ மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுக்காரனுக்குக் காலில் அடி.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்ட் அவென்யூவில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும். வயதானவர்கள் ரோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கால விளம்பரப் பாட்டுகளை முணுமுணுப்பார்கள். அங்கே பழக்கமான ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற டூல் ரூம் தொழிலாளி. 1959 பெல் ஏர் வைத்திருந்தார், வால் துடுப்பு பளபளவென்று. தன் பதினேழு வயதில் அண்ணன் ஓட்டிய கார் அதே மாடல் என்றார். அண்ணன் அதில்தான் போய்விட்டாராம். நான் மோதல் படத்தைப் பற்றிச் சொன்னேன். பார்த்திருக்கிறார். நல்ல வண்டியை உடைத்துவிட்டார்களே என்றுதான் முதலில் கோபம் வந்ததாம்.

கொஞ்ச நேரம் கழித்து, வா என்று கூப்பிட்டுப் பின் கதவைத் திறந்து காட்டினார். முன் சீட்டில் எதையும் மாற்றவில்லை, கம்பெனி கொடுத்தபடியே இருந்தது. பின் சீட்டில் மட்டும் பேரப் பிள்ளைகளுக்காக இரண்டு பெல்ட். தரையில் துளை போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்து, தானே போல்ட் முடுக்கியிருந்தார். குனிந்து பார்த்தேன். நல்ல வேலை.