சலவைக்காரர் இட்ட குறி
(பொன்விழாக் குடும்ப நாளில் மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)





இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது டோபி காட் நிலையத்தில் இறங்கி நடந்துதான் வந்திருப்பீர்கள். மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் இடம் அது. அடித்தளத்திலிருந்து மேலே ஏறி வருவதற்குள் முழங்கால் வலிக்காரர்கள் மூன்று முறையாவது 'யா அல்லாஹ்' சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெயரைத் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்து தமிழ், சொல் இந்தி. டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் துறை. நம் ஊர்ப் பக்கம் வண்ணார் துறை என்போம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் சாலையோரமாக ஓடிய ஓடையில் துணி துவைத்தார்கள். இப்போது ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் நிற்கும் பக்கத்தில் காயப்போட்டார்கள். கவர்னர்கள் பெயரிலும் பிரபுக்கள் பெயரிலும் தெருக்கள் நிறைந்த ஊர் இது. துணி துவைத்தவர்களின் பெயரை யாரும் பலகையில் எழுதவில்லை. ஆனால் அவர்கள் நாள் தவறாமல் செய்த வேலை அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது.

சலவைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்து வீட்டுத் துணியும் ஒரே மூட்டையில் வரும். எது யாருடையது என்று தெரிய வேண்டும் அல்லவா? சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி இடுவார். எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் அந்தக் குறி போகாது. அதைத்தான் அடையாளம் என்போம். மனிதரைப் பற்றிப் பேசும்போதும் நமக்கு அதே சொல்தான்.

'நமது அடையாளம்' என்ற தலைப்பைச் சங்கத்தார் எங்களிடம் கொடுத்தபோது, இதைத்தான் முதலில் பேசிக்கொண்டோம். நம்மீது இருக்கும் குறி எது? அதை யார் இட்டது?

அடையாள அட்டையில் 'இந்தியர்' என்று இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்தால் கணக்கு வேறு. முஸ்லிம் என்பதால் பள்ளிவாசல் கட்டட மெண்டாக்கி நிதிக்கு ஒரு தொகை, இந்தியர் என்பதால் சிண்டாவுக்கு ஒரு தொகை. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, "நம்மள ஏன் ரெண்டு கணக்குல எழுதியிருக்காங்க?" என்று அவன் உம்மாவிடம் கேட்டான். உம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டு வீட்டுக்கும் பிள்ளைன்னு எழுதியிருக்காங்க வாப்பா. ரெண்டு வீட்டுலயும் போய்ச் சாப்பிட்டுக்கோ" என்றார்.

ஆனால் அட்டையும் சீட்டும் வருவதற்கு முன்பே மற்றவர்கள் நமக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 'மாமா' என்ற நம் முறைச்சொல்லிலிருந்துதான் மலாய்க்காரர்களின் 'மாமாக்' வந்தது. மலேசியாவில் அது ஒரு சமூகத்தின் பெயராகவும் சாப்பாட்டுக் கடையின் பெயராகவும் ஆனது. இங்கே வீவக கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்னக் கடையைச் சீனப் பிள்ளைகள்கூட மாமாக் கடை என்றுதான் சொல்கிறார்கள். சில்லறை இல்லாவிட்டால் 'நாளைக்குக் கொடு' என்று மிட்டாயை நீட்டியவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சிலர் அந்தச் சொல்லில் கேலி இருக்கிறது என்று வருத்தப்படுவதுண்டு. சொல்பவர் குரலில் கேலி இருக்கலாம். சொல்லில் இல்லை என்பது எங்கள் கருத்து.

இதெல்லாம் ஆண்களின் கதை. நம்மவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பலர் குடும்பத்தோடு வந்தார்கள். தஞ்சோங் பகாரில் குடியிருந்த அந்தப் பெண்கள் மசாலா அரைத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். வீட்டில் பெண்கள் இருந்ததால் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982இல் மூடப்பட்டாலும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரை இன்றும் வைத்திருக்கிறது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை நம் பிள்ளைகள் நாக்கில் வைத்ததில் அந்த மசாலா வாசனைக் கைகளுக்கும் பங்கு உண்டு. விழா மலர்களில் தலைவர்கள் படம் வரும், அந்தக் கைகளின் படம் வராது. இந்த மலரிலாவது இரண்டு வரி இருக்கட்டும்.

அப்புறம் ஆளுக்கொரு பேட்டைக்கு வீடு மாறிப் போனோம். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், மார்க்க வகுப்பு பெரும்பாலும் மலாயில். ஆகவே நம்மில் பலர் பிள்ளைகளுக்கு மலாயையே இரண்டாம் மொழியாக எடுத்தோம். அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். தீனைக் கற்றுக்கொடுக்கத்தான் அப்படிச் செய்தோம். ஆனால் வீட்டில் நன்னி ஒரு மொழியிலும் பேரப்பிள்ளை ஒரு மொழியிலும் இருந்தால், நடுவில் சிரிப்பும் தலையாட்டலும்தான் மிஞ்சுகின்றன.

எங்கள் பயம் இதுதான். டோபி காட்டில் பெயர் இருக்கிறது, துவைக்கிறவர் இல்லை. ஓடை கால்வாயாகி மூடிப் போய்விட்டது. நம் சங்கத்தின் பெயர்ப் பலகையும் இன்னும் 50 வருடத்தில் அப்படி ஆகிவிடுமோ?

பயந்துகொண்டிருந்த எங்களுக்கு ஒரு பிள்ளை பதில் காட்டினான். எங்கள் குழுவில் மூத்த ஒரு நன்னிக்கு மறதி நோய் வந்தது. மகன் பெயர், பேரன் பெயர் எல்லாம் போயிற்று. நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சியை எங்களில் ஒருவர் தினமும் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் பெயரும் நன்னிக்கு மறந்துவிட்டது. ஆனால் கதவு திறந்ததும், "கஞ்சிக்காரப் புள்ள வந்துட்டியா" என்பார். அடுத்த நோன்பில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. பேரனை அனுப்பினார்கள். தன் பெயரை நன்னி மறந்ததில் மனம் உடைந்து, அறைக்குள்ளேயே போகாமல் இருந்த பையன் அவன். தமிழும் தட்டுத்தடுமாறித்தான். பாத்திரத்தோடு தயங்கி நின்றவனைப் பார்த்து நன்னி, "கஞ்சிக்காரப் புள்ளயா, உள்ள வா" என்றார்.

அன்றிலிருந்து அவன் ஒரு நாள் தவறவில்லை. "பசியாறிட்டீங்களா நன்னி" என்று கேட்கப் பழகினான். கஞ்சியில் என்ன போடுகிறார்கள் என்று நன்னி தினமும் விசாரிப்பார். அதற்குப் பதில் சொல்வதற்காகவே அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு என்று வரிசையாகத் தமிழில் படித்துக்கொண்டான். பாண்டான் இலைக்கு மட்டும் ரம்பை என்ற சொல் அவன் வாயில் கடைசிவரை வரவில்லை. நன்னியே பாண்டான் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்!

நன்னி போய்ச் சேர்ந்துவிட்டார். அல்லாஹ் அவருடைய கபரை விசாலமாக்குவானாக. போன நோன்பில் கஞ்சித் தேக்சா பக்கம் அந்தப் பையனைப் பார்த்தோம். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தான். லுஹர் தொழுததிலிருந்து கிண்டிக் கிண்டிச் சட்டை நனைந்திருந்தது. வரிசையில் பாத்திரத்தோடு நின்ற சின்னப் பிள்ளை ஒன்று அவனை 'கஞ்சி மாமா' என்று கூப்பிட்டது.

வரும் நோன்புக்குக் கிண்டுவதற்கும் தேக்சா கழுவுவதற்கும் ஆள் குறைவாக இருக்கிறது. வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகளே, போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள். தமிழில் எழுத வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதினாலும் போதும், நாங்கள் படித்துக்கொள்வோம்.