குடத்தில் விழாத ஓலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு பணிக்காலம் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏற்பாடு அது. பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்வான வாரியப் பெருமக்களுக்கு 360 நாள்தான். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் ஓலை குடத்துக்குள்ளேயே போகாது. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. அது பிராமணர் குடியிருப்பின் சபை, உழுதவனுக்கு அங்கே ஓலை கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்றைய ஊராட்சித் தலைவருக்கு ஐந்து ஆண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த காலம் இது. முதல் கூட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலும் முடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் தமிழ்நாட்டில் சறுக்குகிறது.

2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. வழக்கு, வார்டு வரையறை என்று நாள் ஓடியது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. மற்ற ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகரங்கள் 2022 பிப்ரவரி வரை. சென்னைக்கு இது பழகிய கதை. 1973-இல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது.

இடைவெளியில் வருபவர் தனி அலுவலர். கிராமத்தில் அந்தப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஓர் ஒன்றியத்தில் சராசரியாக முப்பது ஊராட்சிகள். தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சத்தம் போடலாம். அலுவலரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும்.

பதவிக்காலம் இருந்தும் இல்லாமல் போன ஊர்களும் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996-இல் அங்கே தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் வேட்புமனுவே விழாமல் பார்த்துக்கொண்டார்கள். மீறித் தேர்தல் நடந்தால், வென்றவர் உடனே விலகினார். முறையான தேர்தலுக்குப் பத்தாண்டு ஆனது, 2006 வரை.

2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் ஐந்து ஆண்டு 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடக்கவில்லை. நாற்காலியில் மறுபடியும் தனி அலுவலர்கள் உட்கார்ந்தார்கள்.