எதிரிக்காக அழுத பெரியார்

கொல்லிமலைச் செம்மேட்டுத் தேநீர்க் கடையில், ஆவி பறக்கும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, தமக்குப் பிடிக்காத தலைவரை அவருடைய தாயாரையும் சேர்த்து ஏசுகிறவர்களைக் காணும்போதெல்லாம், இம்மலையும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவில் பிறந்து, சேலம் நகரசபைத் தலைவராகவும் விளங்கிய ராஜாஜியின் நினைவு எனக்கு வருகிறது. 1953-இல் முதலமைச்சராக இருந்து அவர் கொண்டுவந்த, அரைநாள் பள்ளியும் மிகுதி நேரம் பெற்றோர் தொழிலுமான திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று ஜனங்கள் வெறுத்தனர். அவ்வெதிர்ப்பு நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். அதன் முன்னணியில் நின்றவர் ஈரோட்டுப் பெரியார். மறு வருஷமே ராஜாஜி பதவி துறந்தார். ஆயினும், 1972 டிசம்பரில் ராஜாஜி காலமானபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்த பெரியார், எல்லோரும் காணத் தேம்பி அழுதார். கொள்கையிலோ, இருவரும் கடைசிவரை ஒருவருக்கொருவர் அணுவளவும் விட்டுக்கொடுத்தவரல்லர்.