பை ஒரிஜினல்தான், லிஸ்டிங்கைத்தான் காணோம்

இன்னிக்கு எபிசோட்ல கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கோடிங், நிறைய ஹேண்ட்பேக். நீங்க காசு கொடுத்து வாங்கின ஒரு டிசைனர் பொருளை, பில்லோட, ஆன்லைன்ல விக்கப் போடுறீங்க. சில மணி நேரத்துல லிஸ்டிங்கைத் தூக்கிடுறாங்க. ஏன்? அப்புறம் என்ன செய்யலாம்?

முதல்ல சட்டம். அமெரிக்காவுல 'ஃபர்ஸ்ட் சேல்'னு ஒரு கோட்பாடு இருக்கு. ஒரு பிராண்ட் தன்னோட அசல் பொருளை ஒரு தடவை வித்துட்டா, அதுக்கப்புறம் அது கைமாறுறதை டிரேட்மார்க்கைக் காட்டித் தடுக்க முடியாது. இந்தியாவுல 1999 டிரேட்மார்க் சட்டத்தோட 30-வது பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது. 2012-ல சாம்சங் பிரிண்டர் வழக்குல டில்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டுல முறையா வித்த அசல் பொருளை இங்க கொண்டுவந்து விக்கிறதுக்கும் இது பொருந்தும்னு தீர்ப்பு சொன்னது.

அப்போ பை உங்களோடது, விக்கிற உரிமையும் உங்களோடது. ஆனா இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. விக்கிற உரிமை வேற, 'இந்தக் கடையில' விக்கிற உரிமை வேற. உங்க பட்டுப்புடவையை நீங்க தாராளமா விக்கலாம். அதுக்காக ரங்கநாதன் தெருவுல ஒரு கடைக்காரர் தன் வாசல்ல உங்களுக்கு இடம் கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்லை. ஆன்லைன் மார்க்கெட்பிளேஸும் அப்படித்தான்.

சரி, அவங்க ஏன் இவ்வளவு பயப்படறாங்க? 2004-ல டிஃபனி நகை நிறுவனம், போலி நகைகள் விக்கப்படுதுன்னு ஈபே மேல நியூயார்க்ல வழக்குப் போட்டாங்க. 2010-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியமான விஷயத்துல ஈபே பக்கம் நின்னது. 'போலி எங்கேயோ இருக்கு'ன்னு பொதுவா தெரிஞ்சிருந்தா மட்டும் பொறுப்பு வராது. குறிப்பிட்ட லிஸ்டிங் போலின்னு தெரிஞ்சும் விட்டு வெச்சாத்தான் பிரச்சினைன்னு சொன்னாங்க. ஈபேக்கு ஜெயிப்புதான். ஆனா விளைவைப் பாருங்க. பிராண்ட் கிட்டேர்ந்து ஒரு லிஸ்டிங்கைச் சுட்டிக்காட்டிப் புகார் வந்துட்டா, உடனே தூக்குறதுதான் தளத்துக்குப் பாதுகாப்பு. இதுக்காகவே ஈபேல 'வெரோ'ன்னு ஒரு புகார் முறை இருக்கு. பிரான்ஸ்ல நிலைமை வேற. 2008-ல பாரிஸ் நீதிமன்றம் எல்விஎம்ஹெச் குழுமத்துக்கு ஏறக்குறைய 4 கோடி யூரோ கொடுக்கச் சொல்லி ஈபேக்கு உத்தரவு போட்டது. மேல்முறையீட்டுல அந்தத் தொகை குறைஞ்சது, ஆனா பயம் குறையலை. இங்கேயும் 2018-ல லூபுட்டான் வழக்குல டில்லி உயர் நீதிமன்றம், விற்பனையில தீவிரமா பங்கெடுக்கிற தளம் 'நான் வெறும் இடைத்தரகர்'னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

நம்ம பாஷையில சொன்னா இது ஃபால்ஸ் பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ் கணக்கு. ஒரு போலிப் பையை விட்டுட்டா தளத்துக்கு கோர்ட், வக்கீல், நஷ்டஈடு. ஒரு அசல் பையைத் தப்பாத் தூக்கிட்டா? ஒரே ஒரு கோபமான மெயில். இந்த ரெண்டு செலவையும் வெச்சு நீங்க த்ரெஷோல்ட் செட் பண்ணினாலும், சந்தேகம் வந்தாலே தூக்குற மாதிரிதான் பண்ணுவீங்க. அந்தத் தப்போட விலை விக்கிறவங்க தலையில விழுது.

எவ்வளவு விழும்னு பக்கத்துல இருந்து பார்த்தேன். என் காலேஜ் தோழி ஒருத்தி நியூ ஜெர்சியில இருந்தா. லே-ஆஃப் ஆச்சு. எச்1பி விசாவுல வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான். ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும், லீஸை முறிச்சதுக்குப் பணம் கட்டணும். முதல் போனஸ்ல கடைக்கே போய் வாங்கின பையை ஒரு ரீசேல் தளத்துல போட்டா. சொந்தமா எடுத்த ஃபோட்டோ, கையில பில். அன்னிக்கு ராத்திரியே லிஸ்டிங் போச்சு. 'எங்கள் கொள்கைக்கு உட்படவில்லை'ன்னு ஒரு வரி மெயில், அவ்வளவுதான். அவ ஏற்கெனவே வித்திருந்த மிக்ஸி, ரைஸ் குக்கர் பணத்தையும் சேர்த்து நிறுத்தி வெச்சுட்டாங்க. தினமும் வீடியோ கால்ல உட்கார்ந்து அப்பீல் எழுதினோம். பதில் சொல்ல ஒரு மனுஷர் கூட வரலை. கடைசியில பொருளை நேர்ல சரிபார்த்து வாங்கற ஒரு கன்சைன்மென்ட் கடையில கொடுத்தா. அவங்க பங்கு போக எதிர்பார்த்ததை விடக் கம்மிதான், ஆனா விமானம் ஏறறதுக்கு முன்னாடி கைக்கு வந்தது. நிறுத்தி வெச்ச பணம் அவ கோயம்புத்தூர் வந்து சேர்ந்த அப்புறம்தான் வந்தது.

அந்த அலைச்சல்ல நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

ஒண்ணு, மெயிலை நிதானமாப் படிங்க. தூக்கினதுக்கு மூணு வகைக் காரணம் இருக்கலாம்: பிராண்டோட டிரேட்மார்க் புகார், ஃபோட்டோ மேல காப்பிரைட் புகார், இல்லைன்னா தளத்தோட சொந்த விதி. மூணுக்கும் மருந்து வேற வேற. காப்பிரைட் புகார்னா அமெரிக்கச் சட்டத்துல எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். புகார் கொடுத்தவங்க கோர்ட்டுக்குப் போகலைன்னா 10-லிருந்து 14 வேலை நாள்ல அது திரும்ப வரும். டிரேட்மார்க்குக்கு அந்த வழி கிடையாது. புகார் கொடுத்த பிராண்டுக்கே பில்லோட எழுதி, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லணும்.

ரெண்டு, கோபத்துல அதே பொருளைத் திரும்பப் போடாதீங்க, புது அக்கவுண்ட்டும் திறக்காதீங்க. ஃபோன் நம்பர், வங்கிக் கணக்கு, முகவரி, டிவைஸ்னு எல்லாத்தையும் கோத்துப் பார்க்கறது சுலபம்.

மூணு, வார்த்தை. ஒரு பிராண்ட் பையை விக்க இன்னொரு பிராண்ட் பேரைச் சேர்க்காதீங்க, '...மாதிரி', '...ஸ்டைல்' வேண்டாம். பழசுன்னா பழசுன்னு எழுதுங்க. 1947-ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஸ்பார்க் பிளக் வழக்கு ஒண்ணு வந்தது. பழைய பிளக்கைச் சரிபண்ணி அதே சாம்பியன் பேர்ல விக்கலாம், ஆனா பழசைச் சரிபண்ணினதுன்னு தெளிவா எழுதியிருக்கணும்னு சொன்னாங்க. பைக்கும் அதே நியாயம்தான். பிராண்டோட நமக்கு ஏதோ தொடர்பு இருக்கற மாதிரியும் பேசக்கூடாது. 2024-ல ஷனெல் போட்ட வழக்குல ஒரு நியூயார்க் ரீசேல் நிறுவனத்துக்கு எதிரா ஜூரி 40 லட்சம் டாலர் விதிச்சாங்க.

நாலு, சரிபார்ப்பு வசதி இருக்கற இடத்துக்குப் போங்க. ஈபேயே 2020-லிருந்து வாட்ச், ஸ்னீக்கர்னு ஆரம்பிச்சு, பொருளை நிபுணர்கள் பார்த்த பிறகே வாங்கறவங்களுக்கு அனுப்பற முறையைக் கொண்டுவந்தது.

அஞ்சு, விலை உயர்ந்த பொருள் வாங்கின அன்னிக்கே பில்லை ஸ்கேன் பண்ணி வெச்சுடுங்க. பணம் அவசரமாத் தேவைப்படற நாள்ல அதைத் தேடிட்டிருக்க நேரம் இருக்காது.

பிராண்ட் பக்கமும் நியாயம் இருக்கு மக்களே. போலியை வாங்கி ஏமாந்தவங்க எத்தனை பேர்! அதனால தடுப்பு வேண்டாம்னு நான் சொல்லலை. இதைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் நம்மள மாதிரி கோட் எழுதறவங்கதான். அடுத்த தடவை ஒரு 'ரிஜெக்ட்' ஸ்கிரீன் எழுதும்போது ரெண்டு விஷயம் சேருங்க: ஏன்னு ஒரு வரி, ஒரு மனுஷரை எட்டற வழி. டிசைன் ரிவியூல யாராவது 'இது எதுக்கு'ன்னு கேட்டா, இந்த எபிசோட் லிங்க்கை அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.