பேஸ் கிதார் ஏன் சீராகக் கேட்பதில்லை?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் என்று ஊருக்கு ஊர் அம்மன் கோயில் பொங்கல்தான். பொங்கல் என்றால் பொட்டலில் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரியும் உண்டு. அந்தக் கச்சேரிகளில் பாட்டு தெளிவாகக் கேட்கும், கீபோர்டு கேட்கும், டிரம்ஸ் கேட்கும். பேஸ் கிதார் மட்டும் ஒரு சுரத்தில் நெஞ்சில் இடித்துவிட்டு அடுத்த சுரத்தில் காணாமல் போய்விடும். பழி வாசிப்பவர் தலையில் விழும். ஆனால் அதில் பெரும்பங்கு நம் காதின் இயல்பைச் சேர்ந்தது. அதைச் சரிக்கட்டக் காலடியில் வைக்கும் கம்ப்ரஸர் பெடல் ஓர் அலங்காரப் பொருள் அல்ல, அவசியமான கருவி என்பதுதான் என் வாதம்.

பேஸ் கிதாரின் தடித்த ஈ தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மனிதக் காது மந்தமானது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்கு நமக்குக் கேட்கும் அளவை 40 ஹெர்ட்ஸில் கொண்டுவர 80 டெசிபலுக்கு மேல் வேண்டும். அமெரிக்காவில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இந்த வேறுபாட்டை வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோடுகளில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். நடுத்தர ஒலி இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும். 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 6 டெசிபலே போதும். அதாவது விரலில் நேரும் அதே சிறு ஏற்றத்தாழ்வு லீட் கிதாரில் மன்னிக்கப்படுகிறது, பேஸில் பெரிதாகத் தெரிந்துவிடுகிறது.

கம்ப்ரஸர் செய்வது எளிய வேலை. நாம் வைத்த வரம்பை ஒலி தாண்டினால், தாண்டிய பகுதியை மட்டும் சுருக்கும். விகிதம் 4-க்கு 1 என்று வைத்தால், வரம்புக்கு மேல் 8 டெசிபல் எழும் சுரம் 2 டெசிபல்தான் மேலே போகும். குறைந்த 6 டெசிபல், மின்சக்திக் கணக்கில் நாலில் ஒரு பங்காகக் குறைவது. பாக்ஸும் ஆம்ப்ளிஃபயரும் வாடகைக்கு வரும் ஒரு கச்சேரியில் ஸ்பீக்கர் கிழியாமல் காக்க இதைவிட மலிவான வழி இல்லை. மேல்முனை தாழ்ந்ததும் மொத்த அளவைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம். அப்போது மெல்லிய சுரங்களும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்.

கை சுத்தமாக இருந்தால் பெடல் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கை சுத்தத்துக்கு மாற்று கிடையாது. ஆனால் கருவியே சமமாக ஒலிப்பதில்லையே. பல பேஸ் கிதார்களில் மெல்லிய ஜி தந்தியின் 5, 6, 7-ஆம் ஃபிரெட் பக்கத்தில் சுரம் சீக்கிரம் செத்துவிடும். கழுத்து மரம் அந்த அதிர்வை வாங்கிக்கொள்வதுதான் காரணம். எந்த விரலும் அதை முழுதாகத் திருத்த முடியாது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் அவ்வளவு சீராக வரவில்லையா என்பார்கள். வந்தது, அதில் அவர் கைக்குரிய பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அது ஒலிப்பதிவுக் கூடத்தில், பதிவாளர் ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க, காந்த நாடாவில் பதிந்த ஒலி. அளவுக்கு மேல் எழும் முனைகளை மழுக்குவது நாடாவின் குணம். வானொலி நிலையங்களும் ஒலிபரப்பில் குரல் எல்லை தாண்டாமல் காக்க 1930களிலிருந்தே கம்ப்ரஸரைப் பயன்படுத்தி வருகின்றன. அதைப் பொட்டல் மேடையில் ஒருவர் பயன்படுத்தினால் மட்டும் ஏமாற்று என்பது எப்படி?

கம்ப்ரஸர் இசையின் உயிரைக் கொன்றுவிடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. தவறாக வைத்தால் கொல்லத்தான் செய்யும். இதைப் பட்டாசு மண்ணில் விளக்குவது சுலபம். பெருஞ்சத்தம் கேட்டால் நடுக்காதின் சின்னத் தசை சுருங்கி உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். அதுவும் ஒரு கம்ப்ரஸர்தான். ஆனால் அது முழுதாக வேலை செய்ய 100 மில்லி வினாடி வரை பிடிக்கலாம். வெடி அதற்கு முன்பே வெடித்து முடிந்துவிடும். காது தன்னைக் காத்துக்கொள்ள முடியாத அந்த இடத்தில்தான், 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று பட்டாசுச் சத்தத்துக்கு 1999-இல் வந்த வரம்பு துணைக்கு நிற்கிறது. காதுக்குக் கேடான அந்தத் தாமதம் இசைக்கு நன்மை. அட்டாக் என்ற திருகை 30, 40 மில்லி வினாடியில் வைத்தால், விரல் தந்தியில் படும் முதல் அடி அப்படியே தப்பிப் போகும். பின்னால் வரும் ஒலி மட்டும் சீராகும். தாளத்துக்கு உயிர் அந்த முதல் அடிதான். சுருக்கிய ஒலியை விடுவிக்கும் ரிலீஸ் திருகையும் மிக வேகமாக வைக்கக் கூடாது. ஈ தந்தியின் ஒரே அலை முடிய 24 மில்லி வினாடி ஆகிறது. அதைவிட வேகமாகப் பெடல் விட்டுப் பிடித்தால் அலையையே துரத்திச் சிதைக்கும், சுரம் கரகரக்கும். லீட் கிதாருக்கென்று செய்த பெடல் பேஸில் சில சமயம் சொதப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிக்சரிலேயே கம்ப்ரஸர் இருக்கிறதே என்றால், டிஜிட்டல் மிக்சரில் இருக்கும். பழைய சிறு மிக்சர் பலவற்றில் இருக்காது. இருந்தாலும் அதன் பலன் பொட்டலுக்குத்தான் போகும், மேடையில் வாசிப்பவர் காதுக்கு வராமல் போகலாம். தனக்குக் கேட்பதைக் கொண்டுதான் கை தன் பலத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு தொல்லையை மறைக்க வேண்டியதில்லை. மொத்த அளவை ஏற்றும்போது இரைச்சலும் ஏறும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஈ தந்தியின் 41-க்கும் ஏ தந்தியின் 55-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டப் போனால் இசையும் வெட்டுப்படும். ஆகவே பெடலின் மானி 4, 5 டெசிபலுக்கு மேல் குறைத்துக் காட்டாதபடி நிறுத்துவது நல்லது. சோதிக்கும்போது பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் ஒலியின் அளவு ஒன்றாக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கூடியதையே நன்றாயிருக்கிறது என்று காது சொல்லிவிடும். குழுவில் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசி வரிசை வரை நடந்துபோய்க் கேட்டு முடிவு செய்யுங்கள்.