நர்சம்மாவுக்கும் இடுப்பு வலிக்கும்



போன வருஷம் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரியில் வார்டு முழுசுக்கும் ஒரே நர்சம்மா. ஐம்பது வயசுக்கு மேலே இருக்கும். குளுக்கோஸ் பாட்டில் மாற்றத் தாமதம் ஆச்சுன்னு முதல் நாள் நான் அவங்களைச் சத்தம் போட்டேன்.

மறுநாள் விடியற்காலம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவங்க அப்படியே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க. பார்த்தால், இடுப்பில் பெல்ட் கட்டியிருக்காங்க. "லீவு போட்டால் என் இடத்துக்கு ஆள் இல்லைம்மா" என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போச்சு.

வயசானால் வலி வரத்தான் செய்யும் என்று நாம் சொல்கிறோம். மாதவிடாய் நின்ற பிறகு நமக்கு எலும்பு பலம் குறைவது உண்மைதான். ஆனால் வருஷக்கணக்காக நின்றதும், குனிந்ததும், ஆளைத் தூக்கியதும் சேர்ந்துதான் அந்த இடுப்பைக் கெடுத்திருக்கு.

படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும். அதை எப்படிச் செய்வது என்று அவங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கட்டிலை ஒட்டி நிற்கணும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கணும். நோயாளிக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேராக, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி இழுக்கணும். தூக்கும்போது இடுப்பைத் திருப்பக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவசரத்தில் ஒரு நாள் நான் தனியாகத் தூக்கிட்டேன். இடுப்பு பிடிச்சு நாலு நாள் எழுந்திருக்க முடியலை. அன்றிலிருந்து போர்வையின் மறுமுனையை என் வீட்டுக்காரர் பிடிக்கிறார்.

2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம்ம குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாக நடக்கிறாங்க. அவங்க முழங்காலும் நம்ம முழங்கால் மாதிரிதான்.

அதனால் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால், நர்சம்மா புரட்டும்போது வேடிக்கை பார்க்காதீங்க. எப்படிப் பிடிக்கணும் என்று கேட்டுப் பிடிங்க. குழுவில் யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருந்தாலும், பக்கத்து உறுப்பினர் ஒரு வேளையாவது போய்க் கை கொடுங்க. கடனுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு ஏற்கிறோமே, இதுக்கும் ஏற்போம்.